கலவை போடும் கைக்கருவிகள்: வீடு கட்டுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

என் அப்பா கொத்தனார். புதுக்கோட்டைப் பக்கம் நாற்பது வருஷம் கரணை பிடித்தவர். நான் அதே பக்கத்தில் சின்னச் சின்ன வீடுகளுக்கு மேற்பார்வை பார்க்கிறேன். வீடு கட்டுகிறவர்கள் சிமெண்ட் எது நல்லது, கம்பி எது நல்லது என்று கடை கடையாக விசாரிப்பார்கள். அந்தச் சிமெண்டை எதில் அளக்கிறார்கள், எதன்மேல் கொட்டிப் புரட்டுகிறார்கள் என்று நின்று பார்ப்பவர் குறைவு. பூச்சு உதிர்ந்த வீடுகளைப் போய்ப் பார்க்கும்போதெல்லாம், கோளாறு பெரும்பாலும் கலவை போட்ட இடத்தில்தான் தொடங்கியிருக்கிறது. அதனால் என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

கையால் கலவை போட என்னென்ன சாமான் கட்டாயம் வேண்டும்?

மண்வெட்டி இரண்டு, கலவை சுமக்கும் பாண்டு நான்கைந்து, அளவுப் பெட்டி ஒன்று, மணல் சல்லடை, தண்ணீர் டிரம், வாளி, மக், கலவை கொட்ட ஒரு தகடு அல்லது சிமெண்ட் தளம். இவ்வளவு போதும். கரணை, பூச்சைத் தேய்க்கும் மணியாஸ் கட்டை, பூச்சை இழுத்துச் சமப்படுத்தும் மட்டப்பலகை, மட்டம் பார்க்கும் ரசமட்டம், தூக்குக்குண்டு இதெல்லாம் கொத்தனார் தன் பையிலேயே கொண்டுவந்துவிடுவார். கலவைச் சாமான் அப்படியில்லை. மேஸ்திரி கொண்டுவருகிறாரா, நீங்கள் வாங்கித் தரவேண்டுமா என்று வேலை பேசும்போதே பேசிவிடுங்கள். பேசாமல் விட்டால் முதல் நாள் காலையில் பக்கத்து வீட்டில் மண்வெட்டி இரவல் கேட்டுக்கொண்டு நிற்பார்கள்.

பெயர் ஊருக்கு ஊர் மாறும். மண்வெட்டியை மம்மட்டி, மம்பட்டி என்பார்கள். பாண்டு சில ஊர்களில் சட்டி, சில ஊர்களில் தாச்சட்டி. கரணையைக் கரண்டி என்றும் கொலுறு என்றும் சொல்வதுண்டு. கடையில் எந்தப் பெயர் சொன்னாலும் எடுத்துத் தருவார்கள்.

தோட்டத்து மண்வெட்டியே போதாதா? கலவைக்குத் தனியாக வாங்க வேண்டுமா?

தனியாக ஒன்று இருப்பது நல்லது. தோட்டத்தில் வெட்டி வெட்டி மூலை தேய்ந்து வாய் வளைந்துபோன மண்வெட்டி, தரையில் பட்டையாக உட்காராது. நடுப்பகுதி மட்டும் தரையைத் தொடும், இரண்டு ஓரமும் தூக்கிக்கொண்டு நிற்கும். புரட்டும்போது தரையோடு ஒட்டிய மணல் அப்படியே தங்கிவிடும். மேலே பார்த்தால் கலவை நல்ல சாம்பல் நிறம். அடியில் சிமெண்டே படாத மணல். அந்த மணல் கடைசி இரண்டு பாண்டில் ஏறிச் சுவருக்குப் போகும்.

கலவை மண்வெட்டிக்கு வாய் நேராகவும் மூலை சதுரமாகவும் இருக்க வேண்டும். வாங்கும்போது கடையின் சிமெண்ட் தரையில் வைத்து இழுத்துப் பாருங்கள். வாய் முழுக்கத் தரையை உரசுகிற சத்தம் ஒரே சீராகக் கேட்க வேண்டும். விட்டு விட்டுக் கேட்டால் வேறொன்று எடுங்கள்.

அடுத்தது கணை, அதாவது கைப்பிடி. கருவேலங் கணை உறுதியாக இருக்கும். ஈர மரத்தில் செதுக்கியதை வாங்கினால் இரண்டு வாரத்தில் காய்ந்து சுருங்கி, இலை, அதாவது மண்வெட்டியின் இரும்புத் தகடு, ஆட ஆரம்பித்துவிடும். ஆடுகிற மண்வெட்டியை ஓங்கவே கூடாது. கழன்று பறந்தால் எதிரில் நிற்பவர் காலில்தான் விழும். ஆப்பு அடித்து இறுக்குங்கள். முதல் நாள் இரவு கணையோடு சேர்த்துத் தலையைத் தண்ணீரில் ஊறப்போட்டால் மரம் ஊதி இறுகிக்கொள்ளும். ஆனால் அது அன்றைக்கு மட்டும் தாங்கும், நிரந்தரத் தீர்வு ஆப்புதான்.

கணையின் நீளத்தை யாரும் கவனிப்பதில்லை. ஆள் உயரத்துக்கு ஏற்ற நீளம் இல்லாவிட்டால் நாள் முழுக்கக் குனிந்தே இருக்க வேண்டும், சாயங்காலம் இடுப்பு நிமிராது. உயரமானவருக்கு நீளக் கணையாகப் போட்டுக் கொடுங்கள். கணைக்கு ஆகும் செலவு கொஞ்சம்தான்.

இலையில் இரண்டு ஓட்டை போட்ட நீளக்காம்பு மண்வெட்டி இணையத்தில் விற்கிறதே, அது நல்லதா?

அது அமெரிக்கா போன்ற நாடுகளில் கலவைக்கென்றே செய்கிற மண்வெட்டி. அங்கே நீளத் தொட்டியிலோ தள்ளுவண்டியிலோ கலவையைப் போட்டு, நின்றபடியே முன்னும் பின்னும் தள்ளி இழுப்பார்கள். ஓட்டை வழியாகக் கலவை பிதுங்கிப் போவதால் இழுவை குறையும், கட்டியும் உடையும்.

நம் வேலை முறை வேறு. தரையில் குவித்து, அள்ளிப் புரட்டி, அதே மண்வெட்டியால் பாண்டிலும் ஏற்றுகிறோம். ஏற்றும்போது ஓட்டை வழியாகத் தண்ணிக் கலவை ஒழுகும். தொட்டி வைத்து வேலை செய்வதாக இருந்தால் வாங்கலாம். இல்லாவிட்டால் வேண்டாம்.

வெறும் மண்தரையில் கலவை போடலாமா?

கூடாது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன்.

வேலைக்கு வந்த புதிதில் ஒரு வீட்டுக்குக் காம்பவுண்டுச் சுவர் பூச்சு. தகடு வேறு இடத்தில் மாட்டிக்கொண்டது. ஒரு நாள் வேலைதானே என்று தெருவோரம் கெட்டியாக இருந்த மண்தரையைத் தண்ணீர் தெளித்துப் பெருக்கிவிட்டு அதிலேயே போடச் சொன்னேன். முதல் சில பாண்டு நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் மண்வெட்டி தரையையும் சேர்த்துச் சுரண்ட ஆரம்பித்தது. கலவை நிறம் லேசாகச் செம்மை கலந்து வந்தது. எனக்குத் தெரிந்தது, நிறுத்தச் சொல்லவில்லை. சுவரின் மேல்பகுதியை முதலில் பூசி இறங்கினோம், மண் கலந்ததெல்லாம் கீழ்ப்பகுதிக்குப் போயிற்று. அந்த ஐப்பசி மழை முடிந்தபோது அடியிலிருந்து இரண்டு அடி உயரத்துக்குப் பூச்சு விரலால் சுரண்டினாலே கொட்டியது. என் கைக்காசில் கொத்திவிட்டு மறுபடி பூசிக் கொடுத்தேன்.

மண் கலந்தால் சிமெண்ட் மணலைப் பிடிக்காமல் களிமண் தூசியைப் பிடிக்கும், வலு போய்விடும். இன்னொன்று, காய்ந்த தரை சிமெண்ட் பாலை, அதாவது சிமெண்ட் கரைந்த தண்ணீரை, உறிஞ்சிக்கொள்ளும். நீங்கள் மூட்டைக்குக் கொடுத்த காசில் ஒரு பங்கு பூமிக்குப் போகிறது.

8 அடிக்கு 4 அடி இரும்புத் தகடு ஒன்று இருந்தால் அரை மூட்டைக் கலவைக்குத் தாராளம். பெரிய வேலையென்றால் செங்கல் பரப்பி மேலே மெல்லிய சிமெண்ட் தளம் போட்டு, ஓரத்தில் ஒரு செங்கல் உயரத்துக்கு வரம்பு கட்டிவிடுங்கள். பால் வெளியே ஓடாது. தார்ப்பாய் மேல் போடுகிறவர்களும் உண்டு, ஆனால் இரண்டே நாளில் மண்வெட்டி அதைக் கிழித்துவிடும். கிழிந்த நூலெல்லாம் கலவையில் வரும். தெரு ரோட்டில் போடவே போடாதீர்கள். காலையில் கழுவாமல் விட்ட மிச்சம் இரவில் கட்டியாகிக் கிடக்கும், வண்டியில் வருகிறவர் விழுவார்.

சிமெண்டும் மணலும் பாண்டில் அளந்தால் போதுமா? பெட்டி எதற்கு?

பாண்டு சுமப்பதற்கு, பெட்டி அளப்பதற்கு. அரிசிக் கடையில் படியைத் தலைதட்டி அளந்தால் ஒரு அளவு, கோபுரமாக அளந்தால் ஒரு அளவு. இங்கேயும் அதுதான் நடக்கிறது. சிமெண்ட் பொடியாக இருப்பதால் பாண்டில் தட்டையாக நிற்கும். ஈர மணல் கோபுரமாக நிற்கும். தலைதட்டினால் 10 லிட்டர் பிடிக்கிற பாண்டு, குவித்தால் 13 லிட்டர் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பாண்டு சிமெண்டுக்கு ஐந்து பாண்டு மணல் என்று எண்ணிப் போடுவார்கள். உண்மையில் விழுவது 10 லிட்டருக்கு 65 லிட்டர். 1:5 என்று நினைத்துக்கொண்டு 1:6.5 பூசுகிறீர்கள். யாரும் ஏமாற்றவில்லை, எண்ணிக்கையும் சரி, ஆனாலும் கலவை தப்பு.

அளவுப் பெட்டி செய்வது சுலபம். 50 கிலோ சிமெண்ட் மூட்டையின் கொள்ளளவு சுமார் 35 லிட்டர், அதாவது ஒன்றேகால் கன அடி. உள்ளளவு 35 சென்டிமீட்டர் நீளம், 25 அகலம், 40 உயரம் என்று ஒரு பெட்டி அடித்தால் சரியாக 35 லிட்டர் வரும். மத்தியப் பொதுப்பணித் துறை விவரக்குறிப்பில் சொல்லியிருக்கும் அளவும் இதுதான். இரண்டு பக்கமும் கைப்பிடிக்கு ரீப்பர், அதாவது மெல்லிய மரச்சட்டம், அடித்துவிடுங்கள். ஒரு மூட்டை சிமெண்ட், பெட்டியில் தலைதட்டி ஐந்து மணல் என்றால் அது 1:5. ரீப்பரால் மேலே ஒரு இழுப்பு இழுத்துத் தட்டிவிட வேண்டும், மணலை அமுக்கக் கூடாது.

அரை மூட்டை போடும்போது மூட்டையைக் கண்பார்வையில் பாதியாகப் பிரிக்கிறார்கள். அதற்குப் பாதி உயரத்தில் இன்னொரு பெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

விகிதம் கேட்பவர்களுக்கு: 9 அங்குலச் செங்கல் சுவர்க் கட்டுக்கு 1:6, நாலரை அங்குலத் தடுப்புச் சுவருக்கு 1:4, உள்பூச்சுக்கு 1:5 அல்லது 1:6, வெளிப்பூச்சுக்கு 1:5 அல்லது 1:4, மேல்தளத்தின் அடிப்பூச்சுக்கு 1:3 அல்லது 1:4. உங்கள் இன்ஜினியர் வேறு சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

மழையில் நனைந்த மணலுக்கும் அதே பெட்டிக் கணக்கா?

இல்லை. ஈர மணல் ஊதி நிற்கும். மணல் துகளைச் சுற்றி ஒட்டிய தண்ணீர் அவற்றை விலக்கி வைப்பதால், அதே எடை மணல் சுமார் நான்கில் ஒரு பங்கு வரை அதிக இடம் பிடிக்கும். ஐந்து பெட்டி ஈர மணலில் நாலு பெட்டிச் சொச்சம் மணல்தான் இருக்கும். வீட்டுக்காரருக்கு இதில் நஷ்டமில்லை என்று தோன்றும், ஆனால் சிமெண்ட் அதிகமான பூச்சு மயிரிழை போல வெடிக்கும்.

சோதிக்க ஒரு பாட்டில் போதும். நேரான பக்கமுள்ள கண்ணாடிப் பாத்திரத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஈர மணலை அமுக்காமல் போட்டு உயரத்தைக் குறியுங்கள். மணலை வெளியே கொட்டிவிட்டுப் பாதி தண்ணீர் ஊற்றி, அதே மணலை உள்ளே போட்டுக் குச்சியால் குத்திவிடுங்கள். முழுக்க முழுகிய மணல் ஊதுவதில்லை, கீழே இறங்கி உட்காரும். எத்தனை இறங்குகிறதோ அத்தனை ஊதியிருந்தது. பெட்டிக் கணக்கை அதற்கேற்பக் கூட்டிக்கொள்ளலாம்.

சல்லடை எப்படி இருக்க வேண்டும்?

கட்டுவேலைக்குக் கொஞ்சம் பெரிய கண், பூச்சுக்குச் சின்னக் கண். இரண்டு வலை போதும். சாய்த்து நிறுத்தி மணலை வீசுகிற பெரிய சல்லடை வேகமாக வேலை முடிக்கும். கைச்சல்லடை கடைசிப் பூச்சுக்கு. ஈர மணலைச் சலித்தால் கண் அடைத்துக்கொள்ளும், வெயிலில் பரப்பிவிட்டு அப்புறம் சலியுங்கள். பூச்சுக்கென்று விற்கும் பி-சாண்ட் ஏற்கெனவே சலித்துத்தான் வருகிறது. ஆனாலும் முதல் லோடை ஒரு கை சலித்துப் பாருங்கள். மணியாஸ் தேய்க்கும்போது ஒரு சின்னக் கல் மாட்டினால் சுவரில் ஒரு அடி நீளத்துக்குக் கோடு இழுத்துவிடும்.

கையால் புரட்டுவதில் சரியான முறை எது? எத்தனை தடவை புரட்ட வேண்டும்?

தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பு நடப்பதுதான் பாதி வேலை. அளந்த மணலைத் தகட்டில் பரப்பி, மேலே சிமெண்டைக் கொட்டிப் பரப்புங்கள். இரண்டு பேர் எதிரெதிராக நின்று, ஓரத்திலிருந்து அள்ளிப் பக்கத்தில் புதிய குவியலாகப் போட வேண்டும். போடும்போது குவியலின் உச்சியில் விழ வேண்டும். உச்சியில் விழுந்தது எல்லாப் பக்கமும் சரிந்து இறங்கும், அப்படிச் சரியும்போதுதான் கலக்கிறது. பக்கவாட்டில் எறிந்தால் இடம்தான் மாறும். குவியல் முழுக்க இடம் மாறினால் ஒரு புரட்டு. இப்படி மூன்று புரட்டு உலர்வாகவே போக வேண்டும். மண்வெட்டியின் பின்பக்கத்தால் குவியலை ஒரு தேய்ப்புத் தேய்த்துப் பாருங்கள். நரைத்த கோடும் மணல் நிறக் கோடும் மாறி மாறித் தெரிந்தால் இன்னொரு புரட்டு. ஒரே நிறம் வந்தால் நிறுத்தலாம்.

அப்புறம் அரை மணியில் செலவாகும் அளவை மட்டும் தனியாக இழுத்து, நடுவில் குளம் கட்டுங்கள். கரை ஒரு சாண் உயரமாவது இருக்கட்டும். தண்ணீரை மெதுவாக ஊற்றிவிட்டு உடனே கிளறாமல் கொஞ்ச நேரம் விடுங்கள்; கரை தானாகக் குடிக்கும், குமிழி வந்து அடங்கும். அடங்கியபின் கரையின் உள்பக்கத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சரித்து உள்ளே தள்ள வேண்டும். அவசரப்பட்டு வெளிப்பக்கத்தில் வெட்டினால் கரை உடைந்து பால் ஓடும். ஓடுவது சிமெண்ட். கை தேர்ந்த சித்தாள் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டே கரையைச் சரிப்பதைப் பார்த்திருக்கிறேன், தகட்டுக்கு வெளியே ஒரு சொட்டு போகாது.

தண்ணீர் முழுக்க உள்ளே போனதும் மறுபடி இரண்டு மூன்று புரட்டு. இழுத்து, கவிழ்த்து, மண்வெட்டி வாயால் கொத்திவிட வேண்டும். கொத்தினால் உள்ளே ஒளிந்திருக்கும் உலர்ந்த கட்டிகள் உடையும்.

தண்ணீர் எவ்வளவு ஊற்றுவது?

லிட்டர் கணக்கு சொல்வது கஷ்டம், மணலின் ஈரத்தைப் பொறுத்து மாறும். மக்கால் ஊற்றுங்கள், ஹோஸ் பைப்பை நேராகக் குவியலுக்குள் விடாதீர்கள். பைப் விட்டால் யாரும் அளவோடு நிறுத்துவதில்லை. ஒரு கை கலவையை எடுத்து உருண்டை பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் ஒழுகக் கூடாது. கரணையில் அள்ளிச் சாய்த்தால் முழுதாக வழுக்கி விழ வேண்டும். கரணையிலேயே ஒட்டிக்கொண்டால் ரொம்பக் கெட்டி, சாய்க்கும் முன்பே வழிந்தால் தண்ணி அதிகம். தண்ணி அதிகமான பூச்சு பூச சுகமாக இருக்கும். காயும்போது அந்தத் தண்ணீர் போன இடமெல்லாம் வெடிப்பு.

குடிக்கிற தண்ணீர் போன்ற தண்ணீர் வேண்டும். உப்புத் தண்ணீரில் கலந்த பூச்சு வெள்ளை வெள்ளையாகப் பூக்கும்.

போட்ட கலவை இறுகிவிட்டது. கொஞ்சம் தண்ணீர் தெளித்துக் கிளறினால் இளகிவிடுகிறதே?

இளகும். ஆனால் மறுபடி அதே வலுவில் இறுகாது. சிமெண்ட் தண்ணீரைப் பார்த்த நேரத்திலிருந்தே பிடிக்கத் தொடங்குகிறது. பிடித்த பிடியை நீங்கள் கிளறி உடைத்துவிட்டீர்கள். தண்ணீர் சேர்த்த அரை மணிக்குள் கலவை சுவருக்குப் போய்விட வேண்டும். டீக்கு ஆள் போகிற நேரத்தில்தான் இந்தத் தப்பு அதிகம் நடக்கிறது. பத்தரை மணி டீக்கு முன்னால் புதுக் கலவைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்று நான் வேலையிடத்தில் சொல்லியே வைத்திருக்கிறேன். உலர்கலவை கூட நாள்கணக்கில் கிடக்கக் கூடாது, மணலின் ஈரமே சிமெண்டைப் பிடிக்க வைத்துவிடும்.

கரணையால் கலக்கலாமா?

ஒரு பாண்டு, இரண்டு பாண்டு அளவுக்குக் கலக்கலாம். அதற்கு மேல் வேண்டாம், அடி எட்டாது.

மணியாஸ் போடும்போது சுவரில் சிமெண்ட் பொடி தூவுகிறார்களே, அது சரியா?

சரியில்லை. கலவையில் தண்ணீர் கூடிப்போனதை மறைக்கத்தான் பெரும்பாலும் பொடி தூவுகிறார்கள். மேல்தோலில் மட்டும் சிமெண்ட் அதிகமாகி, அது தனியாகச் சுருங்கி, சிலந்தி வலை மாதிரி வெடிக்கும். கலவை சரியான பதத்தில் இருந்தால் மட்டப்பலகை இழுத்தபின் கொஞ்ச நேரம் விட்டு, மரமணியாஸால் வட்டமாகத் தேய்த்தாலே சுவர் அடங்கும். தண்ணீர் தேவைப்பட்டால் பிரஷ்ஷால் லேசாகத் தெளித்துக்கொள்ளலாம். மணியாஸ் கட்டையின் அடி வளைந்திருக்கிறதா என்று மாதம் ஒரு முறை ரசமட்டத்தை வைத்துப் பாருங்கள். வெயிலில் போட்ட கட்டை வளையும்.

டிரில் மிஷினில் துடுப்பு மாட்டிக் கலக்கலாமா?

ஜிப்சம், பெயிண்டுக்கு முன் பூசும் பட்டி, டைல்ஸ் ஒட்டும் பசை இவற்றுக்கு அதுதான் நல்லது. மணல் கலவைக்குச் சாதாரண டிரில் தாங்காது, சூடேறிப் புகைந்துவிடும். மெதுவாகச் சுற்றுகிற, 1000 வாட்டுக்கு மேலான கலக்கும் மிஷின் வேண்டும். வேகமாகச் சுற்றினால் காற்றுக் குமிழி உள்ளே போய்விடும்.

ஜிப்சத்துக்கு வாளியில் முதலில் தண்ணீர், அப்புறம் பொடி. மாற்றிப் போட்டால் அடியில் கட்டி நிற்கும். வாளி ஒவ்வொரு தடவையும் கழுவியிருக்க வேண்டும். இதைச் சுத்தத்துக்காக மட்டும் சொல்லவில்லை. ஏற்கெனவே இறுகிய ஜிப்சம் துணுக்கு பழைய வாளியில் ஒட்டியிருந்தால், தயிருக்கு உறை ஊற்றிய மாதிரி, புதுக் கலவையும் சீக்கிரம் இறுகத் தொடங்கிவிடும். இருபது நிமிஷம் வரவேண்டிய கலவை பாதியிலேயே கல்லாகிவிட்டது என்று மூட்டையைக் குறை சொல்வார்கள். வாளியைப் பாருங்கள்.

சுண்ணாம்புக் காரைக்கும் இதே கருவிகளா?

இல்லை, அது வேறு உலகம். சிமெண்ட் கலவையில் புரட்டுவதுதான் வேலை, காரையில் அரைப்பதுதான் வேலை. அந்தக் காலத்தில் வேலையிடத்திலேயே வட்டமாகக் கால்வாய் கட்டி, அதில் கல் உருளையை மாடு பூட்டி ஓட்டுவார்கள். காரைச் செக்கு என்பது அதுதான். தண்ணீர் விட்டு நீற்றிய சுண்ணாம்பு, மணல், சில வேலைகளுக்குச் செங்கல் பொடி, இவற்றுக்குக் கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் ஊற்றி அரைப்பார்கள். செட்டிநாட்டு வீடுகளில் பளிங்கு மாதிரி மின்னுகிற சுவர்களுக்குக் கடைசிப் பூச்சை அம்மியிலும் ஆட்டுக்கல்லிலும் வெண்ணெய் பதத்துக்கு அரைத்து, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினார்கள். கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய வீட்டுச் சுவரில் அப்பா உள்ளங்கையை வைத்துவிட்டு வெகுநேரம் எடுக்காமல் நின்றது எனக்கு நினைவிருக்கிறது. "இதை அரைச்சவ கையை யாரும் எழுதி வைக்கலை பாரு" என்றார். அரைத்ததில் பெரும்பங்கு பெண்கள்.

இன்றைக்குப் பழைய வீட்டைப் பழுதுபார்க்கிறவர்கள் மோட்டார் போட்ட சின்ன அரவை மிஷின் வைத்துக்கொள்கிறார்கள். சிறு ஒட்டு வேலைக்கு உலக்கையால் இடித்தும் செய்யலாம், நேரம் பிடிக்கும். மண்வெட்டியால் மட்டும் புரட்டிய சுண்ணாம்பு சரியாக ஒட்டாது.

ஒரு வசதி உண்டு. சாதாரணச் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் இறுகும். அதனால் அரைத்த காரையை ஈரச்சாக்கு போட்டு மூடி வைத்தால் மறுநாளும் அரைத்துப் பயன்படுத்தலாம். சிமெண்டுக்குச் சொன்ன அரை மணிக் கணக்கு இங்கே இல்லை. நீற்றும்போது மட்டும் ஜாக்கிரதை: கல்சுண்ணாம்பில் தண்ணீர் பட்டதும் கொதித்துத் தெறிக்கும். கண்ணாடி போடாமல், குழந்தைகள் பக்கத்தில் இருக்கும்போது நீற்றாதீர்கள்.

பழைய சுண்ணாம்புச் சுவரில் உதிர்ந்த இடத்தைச் சிமெண்டால் பூசலாமா?

வேண்டாம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் பூச்சு அதை அடைத்துவிடும். அடைபட்ட ஈரம் ஒட்டுப் போட்ட இடத்தைச் சுற்றியுள்ள நல்ல காரையையும் உதிர்க்கும்.

கலவை பட்டுக் கை புண்ணாகிறது. என்ன செய்வது?

ஈரச் சிமெண்ட் கடும் காரம். அமிலம் போல உடனே எரியாது, அதனால் தெரியாமல் நாள் முழுக்கக் கையிலேயே இருக்கும், சாயங்காலம் தோல் வெடித்து ஓட்டை ஓட்டையாக நிற்கும். தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வது பழக்கம், கொஞ்சம் உதவும், அது கையுறைக்கு மாற்றில்லை. துணிக் கையுறை வேண்டாம். ஊறிப்போய்க் காரத்தைத் தோலோடு சேர்த்துக் கட்டி வைக்கும். மணிக்கட்டுக்கு மேல் வருகிற ரப்பர் கையுறையும் கால் நனையாத பூட்ஸும் வாங்கிக் கொடுங்கள். கண்ணில் தெறித்தால் நல்ல தண்ணீரில் பதினைந்து இருபது நிமிஷம் விடாமல் கழுவி, உடனே கண் டாக்டரிடம் போக வேண்டும்.

பாண்டின் எடையையும் பாருங்கள். கலவை லிட்டருக்குச் சுமார் 2 கிலோ. 10 லிட்டர் பாண்டு நிறையப் போட்டால் 20 கிலோ. சும்மாட்டின் மேல் அதை வைத்துக்கொண்டு சாரத்தில் ஏறுகிற அக்காவுக்கு ஒரு நாளில் எத்தனை நடை என்று எண்ணிப் பாருங்கள். முக்கால் பாண்டு போடச் சொன்னால் வேலை நின்றுவிடாது. ஏற்றிவிடுகிறவர் தலைக்கு நேராகத் தூக்கி வைக்க வேண்டும், சுண்டி எறிந்து வைத்தால் கழுத்து போய்விடும்.

சாமானை எப்படிக் கழுவி வைப்பது?

வேலை முடிந்த உடனே. சாப்பிட்டுவிட்டு வந்து கழுவலாம் என்றால் ஒட்டிக்கொண்டுவிடும். டிரம்மில் மிச்சமிருக்கும் தண்ணீரில் பாண்டு, மண்வெட்டி, கரணை மூன்றையும் தேங்காய் நாரால் தேய்த்தால் போதும். இறுகியதைச் சுத்தியலால் அடித்து எடுப்பார்கள், அடித்தால் பாண்டு நெளியும், நெளிந்தால் அளவும் மாறும். அளவுப் பெட்டிக்குள் ஒட்டிய காய்ந்த பொருக்கும் அப்படித்தான், ஒரு விரல் கனம் ஒட்டினாலே பெட்டி 35 லிட்டர் இல்லை. கழுவிக் காய்ந்தபின் இரும்புச் சாமானுக்குத் துணியால் எண்ணெய் துடைத்து வையுங்கள். மறுநாள் காலையில் எண்ணெயைக் கழுவிவிட்டே கலவையில் இறக்க வேண்டும்.

கழுவின தண்ணீரைச் சாக்கடையிலோ கக்கூஸ் பைப்பிலோ ஊற்றாதீர்கள், உள்ளே போய்க் கல்லாகும். மரத்தடியிலும் வேண்டாம். ஒரு குழி வெட்டி அதில் விடுங்கள், தெளிந்த தண்ணீர் இறங்கியபின் அடியில் நிற்பதை மண்மேட்டில் போட்டுவிடலாம்.

ஆள் வைக்காமல் வீட்டில் ஒரு சின்ன ஓட்டையை நானே அடைக்க வேண்டும். என்னென்ன வாங்குவது?

ஒரு பாண்டு, ஒரு சின்னக் கரணை, ஒரு மரமணியாஸ், சமையலறையில் ஒதுக்கிய பழைய டம்ளர் ஒன்று. டம்ளரில் தலைதட்டி ஒரு சிமெண்ட், நாலு சலித்த மணல். பாண்டில் கரணையால் உலர்வாகக் கலந்து ஒரே நிறம் வந்தபின் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர். உதிர்கிற ஓரத்தையெல்லாம் முதலில் கொத்தி எடுத்து, தூசி போகப் பெருக்கி, இடத்தை நன்றாக நனைத்துவிட்டுப் பூசுங்கள். காய்ந்த சுவரில் பூசினால் கலவையின் தண்ணீரைச் சுவர் குடித்துவிடும். மறுநாளிலிருந்து ஏழு நாளைக்குக் காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்க வேண்டும். வெயில் அடிக்கிற சுவரென்றால் மதியமும் ஒரு தடவை.